கண்டம் கழிந்த சி.ஆர்.ஓ.

குத்தாலம் வைத்தியலிங்கம் பஞ்சநதம் (1938 – 2006).

வெகுதான்ய ஆண்டு ஆவணி மாதத்தில் குத்தாலத்து உழவுக் குடும்பம் ஒன்றில் இரண்டாவது மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு மா நஞ்சையை அண்ணன் பார்த்துக்கொண்டார். தம்பி பள்ளியிறுதித் தேர்வு முடித்து, 1962இல் தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு பாலிடெக்னிக் ஒன்றின் மின்னணு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த ஒரே அறையில் பணியாற்றி, 1996 ஆகஸ்டு 31 அன்று ஓய்வு பெற்றார். அதே ஆய்வுக்கூடத்தில் செய்முறை விளக்குநராக இருந்தவன் என்ற வகையில் அவருடைய வேலையை நான் அருகிலிருந்து அறிவேன்.

பாடநூலில் அலைகாட்டி என்று அச்சிட்டிருக்கும் கருவியை ஆய்வுக்கூடத்தில் யாரும் அப்படி அழைத்ததில்லை. அதற்கு எங்களிடையே பெயர் சி.ஆர்.ஓ. மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. மாணவர்கள் வருமுன் பத்துப் பெட்டிகளிலும் கோட்டை நடுவே நிறுத்தி வைப்பது பஞ்சநதத்தின் காலைக் கடமை. கோடு வரவில்லை என்று மாணவர்கள் கூக்குரலிட்டால், ஓடி வரமாட்டார், நடந்து வருவார். பெரும்பாலும் ஒளியைக் கூட்டும் குமிழை யாரோ முழுதும் குறைத்து வைத்திருப்பார்கள். அதைத் திருப்பிவிட்டுப் போவார்.

அவருடைய மனைவி மங்களாம்பிகைக்கு 1980இல் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பின் செவித்திறன் படிப்படியாகக் குறைந்தது. 1983இல் சென்னைக்கு அழைத்துச் சென்று காது கேட்கும் கருவி வாங்கினார்கள். தீப்பெட்டி இரண்டை அடுக்கியது போன்ற பெட்டி. அதிலிருந்து காதுவரை ஒரு மெல்லிய கம்பி. உள்ளே பேனா பேட்டரி ஒன்று. பெட்டியைச் சிறு துணிப்பையில் இட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். "எனக்குச் சரடு ரெண்டு. ஒண்ணு இவர் கட்டினது, இன்னொண்ணு டாக்டர் கட்டினது" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் அதை மிஷின் என்றே அழைத்தார்.

பதினைந்து ஆண்டுகள் குறைவின்றி உழைத்த மிஷின் 1998 வைகாசியில் கெடத் தொடங்கியது. பதினைந்து நாள் வந்த பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்தது. பேச்சொலி தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மாயவரத்துக் கடையில் காட்டியபோது, "இதை இப்ப யாரு சார் ரிப்பேர் பாக்கறா? புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள்.

புதிது வீட்டிலேயே இருந்தது. சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் மின்பணியாளராக இருந்த மகன் சதீஷ், காதின் பின்புறம் செருகும் கருவி ஒன்றை முந்தைய ஆண்டே ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அதற்கு வேண்டிய பொத்தான் அளவுப் பேட்டரி குத்தாலத்திலும் இல்லை, மாயவரத்திலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. உடன் வந்த ஆறு பேட்டரிகளும் தீர்ந்தபின் கருவி பெட்டிக்குள் போனது. பேனா பேட்டரியோ ஊரின் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் கிடைத்தது.

அந்த ஆவணியில் பஞ்சநதத்துக்கு அறுபது நிறைந்தது. ஆகஸ்டு 27, வியாழக்கிழமை, திருக்கடையூரில் மணிவிழா என்று நாள் குறித்தாயிற்று. சதீஷும் வருவதாகச் சொல்லிவிட்டான். மங்களாம்பிகைக்கு அந்த விழாவில் ஒரே ஓர் ஆசை இருந்தது. அதை என் எதிரிலேயே கணவரிடம் சொன்னார்.

"முதல் கல்யாணத்துல எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா உங்க மாமா ரெண்டு செட்டு மேளம் வச்சுட்டார். ஐயர் சொன்ன ஒரு வார்த்தை காதுல விழலை. இந்தத் தடவையாவது என்ன சொல்லித் தாலி கட்டறாங்கன்னு நான் கேக்கணும்ங்க."

 பஞ்சநதம் அன்றே மிஷினைத் திறந்தார்.

நல்ல நிலையில் ஐந்து மில்லி ஆம்பியர் மட்டும் இழுக்க வேண்டிய கருவி முப்பது இழுப்பதை மல்ட்டிமீட்டர் காட்டியது. எங்கே இழுக்கிறது என்பதை அது காட்டாது. பஞ்சநதத்துக்கு ஓர் ஐயம் இருந்தது: கருவி தனக்குத் தானே கத்திக்கொண்டிருக்கிறது, மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஒலியில் கத்துகிறது, ஆகவே பேட்டரி தீர்கிறது, பேச்சும் கெடுகிறது. காதுக்கு எட்டாததைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சி.ஆர்.ஓ. வேண்டும்.

பாலிடெக்னிக்கில் பத்து இருந்தனவே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். "சர்வீஸ்ல இருந்தப்பவே வீட்டு ரேடியோவை அங்க கொண்டு போனதில்லை. இப்ப எந்த முகத்தோட போறது?" என்றார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது மகன், "அப்பா, இங்க டிஜிட்டல்லயே புதுசு கிடைக்குது. அனுப்பவா?" என்றானாம். "அது வந்து சேர்றதுக்குள்ள விழா முடிஞ்சிடும். பழசே போதும்" என்று தந்தை வைத்துவிட்டார்.

பழைய கருவிகளுக்கு அப்போது பஞ்சமில்லை. கதவு திறந்துவிட்ட பொருளாதாரத்தில் வெளிநாட்டுப் புதுக் கருவிகள் வந்திறங்க, ஆலைகளும் அலுவலகங்களும் பழையவற்றை ஏலம் விட்டன. அவ்வாறு ஏலம் எடுத்த சரக்கைத் தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு கிட்டங்கி நிறையக் குவித்து வைத்திருந்தார் மீரா சாகிப்.

ஆகஸ்டு 10, திங்கட்கிழமை காலை, பஞ்சநதமும் மங்களாம்பிகையும் குத்தாலத்திலிருந்து பேருந்தில் தஞ்சாவூர் வந்தார்கள். முதலில் விழாவுக்குக் கூறைப்புடவை எடுத்தார்கள். பிறகு நானும் சேர்ந்துகொள்ள, மூவருமாகக் கிட்டங்கிக்குப் போனோம். அதற்குள் மங்களாம்பிகையின் மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. முகம் பார்த்துப் பேசினால் உதட்டசைவிலிருந்து பாதி தெரிந்துகொள்வார்.

"வாங்க சார், வாங்க. அம்மா, நீங்க இப்படி ஃபேனுக்கு அடியில உக்காருங்க" என்று மீரா சாகிப் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

மேசைமேல் மூன்று சி.ஆர்.ஓ.க்கள் இருந்தன. பஞ்சநதம் எதையும் உடனே இயக்கவில்லை. முதலில் திருகுகளைப் பார்த்தார். ஒரே வகைத் திருகுகள் இருந்தால் கருவி தொழிற்சாலையில் மூடியபடி இருக்கிறது. கலந்திருந்தால் யாரோ திறந்து கைவைத்திருக்கிறார்கள். அடுத்துக் காற்றுத் துளைகளின் அருகே மூக்கை வைத்து முகர்ந்தார். கருகிய வாடை உள்ளதை ஒதுக்க வேண்டும். தூசி வாடையைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னர் மூன்றையும் இயக்கி, ஒளியைக் குறைவாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"அரை மணி ஓடட்டும் பாய்."

"அரை மணி என்ன, சோறு வர்ற வரைக்கும் ஓட்டுங்க. கரண்டு இருக்கணும், அவ்வளவுதான்" என்ற மீரா சாகிப் என்னிடம் திரும்பி, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க சார்" என்றார்.

"பொண்ணு பாத்தப்ப நான் அஞ்சு நிமிஷம்தான் பாத்தேன் பாய். அதுல ஒண்ணும் கோளாறு வரலை" என்றார் பஞ்சநதம், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மங்களாம்பிகை கணவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தப் பாராட்டு அவருக்குக் கிடைக்கவில்லை.

முதற்கருவி இரண்டு கோடுகள் வரையக்கூடியது, குமிழ்கள் பளபளத்தன. ஆனால் ஒளியை உச்சத்துக்குக் கூட்டினால்தான் கோடு தெரிந்தது. தெரிந்த கோடும் பஞ்சுத்திரி போலப் பருத்திருந்தது. படக்குழல் மூப்படைந்துவிட்டது, வேறு குழல் கிடைக்காது. இரண்டாவது ஏதோ ஓர் அயல்நாட்டு ஆய்வகத்துக்காகச் செய்த பெருங்கருவி. எங்களுக்குத் தேவையானதைப் போல் பத்து மடங்கு வேலை செய்யும். "மேனுவல் இருக்கா பாய்?" என்றார் பஞ்சநதம். இல்லை. "அப்ப இது ஊமை மாதிரி. நோவு வந்தா எங்க நோவுதுன்னு சொல்லாது" என்று அடுத்ததற்கு நகர்ந்தார்.

மூன்றாவதற்குக் கைப்பிடி இல்லை. ஒற்றைக் கோட்டுக் கருவி. ஏதோ ஒரு கல்லூரியின் எண் வெள்ளை வண்ணத்தில் எழுதி அழிக்கப்பட்டிருந்தது. திரையின் நடுவே, குறுக்காக, பழுப்பு நிறத்தில் எரிந்த தழும்பு ஒன்று. கோட்டை நடுவில் நிறுத்திவிட்டு மாணவர்களைச் சாப்பிட அனுப்பும் ஆய்வுக்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் விழும் வடு அது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கோட்டை நடுவில் நிறுத்திய பஞ்சநதத்துக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கோடு ஊசிமுனைபோல் மெலிந்து, அரை மணிக்குப் பின்னும் வைத்த இடத்தில் நின்றது. சோதனைக்காகக் கருவியே தரும் சதுர அலையின் மூலைகள் சதுரமாகவே இருந்தன. குமிழ்களைத் திருப்பும்போது கோடு சற்றே துள்ளியது.

"துள்ளல் தூசியால. துடைச்சாப் போயிடும். வடுவுக்கு ஒரு கட்டம் மேல கோட்டை ஏத்திக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு கருவியின் அருகே தலையைச் சாய்த்து, அதன் இரைச்சலைக் காதால் கேட்டார். அந்த நேரத்தில்தான் மீரா சாகிப் எதிரே வந்து, மங்களாம்பிகைக்கு முகம் தெரியும்படி நின்று, விரலை நீட்டிச் சொன்னார்:

"கண்டம் ஆனதுதான் சார், இல்லேன்னு சொல்லலை. ஆனா உசுரு இருக்கு. பதனமா பாத்துக்கிட்டா ரெண்டு வருசம் தாங்கும். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க முடியாது."

அரசு அலுவலகங்களில் பயனற்றதென்று எழுதித் தள்ளும் பொருளைக் கண்டம் செய்தது என்பார்கள். 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் எழுத்தர்களின் வாயில் தேய்ந்து அப்படி ஆயிற்று. கண்டம் ஆன நாற்காலி, கண்டம் ஆன ஜீப்பு என்று எங்கள் காதில் அது நாள்தோறும் விழும் சொல். ஆகவே நாங்கள் இருவரும் தலையசைத்தோம். கருவி கைமாறியது. முக்காலியில் இருந்தவரை நாங்கள் கவனிக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் கருவியைப் பஞ்சநதம் மடியிலேயே வைத்திருந்தார். சன்னலோரம் அமர்ந்த மனைவி வழிநெடுக அழுதுகொண்டு வந்தார். புடவையின் நிறம் பிடிக்கவில்லை போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

ஆகஸ்டு 18 அன்று எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. "ஊரில் மின்சாரம் இருக்கிறது. வீட்டில் இருக்கிறது. என் மேசைக்கு மட்டும் இல்லை. விழாவுக்கு நாள் குறைவு. நேரில் வரவும். – பஞ்சநதம்."

மறுநாள் போனேன். மேசை இருந்த அறைக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டையை யாரோ பிடுங்கி எடுத்திருந்தார்கள். பஞ்சநதம் புதிது வாங்கி மாட்டியிருந்தார். அதுவும் அடுத்த நாளே காணாமற்போயிருந்தது. யாரோ என்று எழுதினேனே தவிர, வீட்டில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே.

"எதுக்கு எடுத்தேன்னு எழுதிக் கேட்டேன். விழா முடியற வரைக்கும் கரண்டைத் தொடக் கூடாதுங்கறா. மிஷினைச் சரி பண்ணத்தான்னு எழுதினேன். அந்தத் தாளைக் கிழிச்சுட்டா" என்றார் பஞ்சநதம். அவர் குரலில் கோபம் இல்லை. விடை வராத கணக்கைப் பார்த்த குழப்பம்தான் இருந்தது.

மங்களாம்பிகை எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். கழுத்தில் சரடு ஒன்றுதான் இருந்தது; மிஷினைக் கழற்றி வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "ஏம்மா, உங்களுக்கு மந்திரம் கேக்க வேணாமா?" என்றேன்.

"வேணாம் அண்ணே. எனக்குக் காது வேணாம். இவர் இருந்தாப் போதும்." கண் கலங்கியது. "நீங்களும்தானே அங்க நின்னீங்க? அந்த பாய் இவரைக் காட்டிச் சொன்னப்ப ரெண்டு பேரும் தலைய ஆட்டினீங்களே! கண்டம் இருக்காம். உசுரு ரெண்டு வருசம்தானாம். கரண்டுலதான் கண்டம்னு எனக்குப் பட்டுது. ஒன்பது நாளா அபிராமிக்கு விளக்கு போடறேன். என்கிட்ட ஏன் மறைக்கறீங்க?"

பஞ்சநதமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அறுபதாம் வயதில் வரும் கண்டத்தைக் கழிக்கத்தான் எங்கள் பக்கத்து மக்கள் திருக்கடையூருக்கே போகிறார்கள். அந்த ஊருக்குப் போக நாள் குறித்துவிட்டு, கணவனை நோக்கி விரல் நீட்டி ஒருவர் கண்டம் என்று சொல்வதைப் பார்த்த மனைவி, வேறு என்ன பொருள் கொள்வார்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சநதம் சிரிக்கவில்லை. ஆய்வுக்கூடப் பெட்டிகளில் பெயர் எழுதும் அதே அச்சுப்போன்ற எழுத்தில், ஒரு தாளில் எழுதி மனைவியிடம் நீட்டினார்.

"கண்டம்: இனிப் பயன்படாது என்று அரசாங்கம் எழுதித் தள்ளிய பொருள். பாய் காட்டியது பெட்டியை. என்னை அல்ல."

மங்களாம்பிகை இருமுறை படித்தார். பெட்டியைப் பார்த்தார். கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களையும் ரெண்டு வருஷம் முன்னாடி அரசாங்கம் எழுதித் தள்ளியாச்சே. பாய் யாரைச் சொன்னா என்ன, சரியாத்தான் சொல்லியிருக்கார்."

பிறகு உள்ளே போய், அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை விட்டு, இரண்டு ஃபியூஸ் கட்டைகளையும் எடுத்து வந்தார். ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுக் கணவர் கையில் கொடுத்தபோது, "தொடறப்ப செருப்புப் போட்டுக்கங்க" என்றார்.

"ஒன்றரை வோல்ட்டும்மா. எறும்புகூடச் சாகாது" என்று பஞ்சநதம் சொன்னதை நான் கையசைத்து அவருக்கு விளக்கினேன். ஆயினும் பஞ்சநதம் செருப்பு அணிந்தே வேலையில் அமர்ந்தார்.

கோட்டை வடுவுக்கு ஒரு கட்டம் மேலே ஏற்றினார். மிஷினில் பேட்டரியை இட்டு, காதுக்குச் செல்லும் கம்பியின் முனைகளைச் சி.ஆர்.ஓ.வுடன் இணைத்தார். அறையில் யாரும் பேசவில்லை. பேச்சில்லாத இடத்தில் கோடு மெல்லியதாக இருக்க வேண்டும். அதுவோ சரிகைப் பட்டைபோல் அகன்று கிடந்தது. நேர அளவுக் குமிழைப் படிப்படியாகத் திருப்பினார். பட்டை விரிந்து, நெருக்கமான அலைகளாகப் பிரிந்தது. கட்டங்களை எண்ணிக் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார்: நொடிக்கு ஏறத்தாழ நாற்பதாயிரம். மனிதக் காது இருபதாயிரத்தோடு நின்றுவிடும்.

"கத்துது பாருங்க" என்றார். "மூணு மாசமா அவ கழுத்துல தொங்கிக்கிட்டே கத்தியிருக்கு. எனக்குத்தான் கேக்கலை."

பேட்டரியை ஒட்டியிருந்த சிறு கண்டென்சர் ஒன்று பதினைந்து ஆண்டுகளில் உள்ளே உலர்ந்திருந்தது. அதே அளவுள்ள வேறொன்றை அதன் கால்களுக்கு இணையாகப் பிடித்தார். பட்டை சட்டென்று சுருங்கி ஊசிக்கோடாயிற்று. கையை எடுத்தார், பட்டை. மீண்டும் பிடித்தார், கோடு. மூன்று முறை அவ்வாறு செய்து உறுதிப்படுத்திக்கொண்ட பின்பே பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினார். மாலை நான்கு மணிக்குள் மிஷின் மங்களாம்பிகையின் கழுத்தில் இருந்தது. பஞ்சநதம் அடுத்த அறைக்குப் போய் ஏதோ மெல்லச் சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. "போதும் போதும், வாங்க" என்று இங்கிருந்தே மறுமொழி போயிற்று.

ஆகஸ்டு 27 அன்று திருக்கடையூரில் ஒரே நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தம்பதியர் மணையில் இருந்தார்கள். மங்களாம்பிகை துணிப்பையைக் கூறைப்புடவைக்கு வெளியே எடுத்து, பெட்டியைப் புரோகிதர் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். தாலி கட்டியதும் அருகிலிருந்த மகனிடம் சொன்னார்:

"எல்லாம் கேட்டுச்சுடா சதீஷு. நடுவுல ஐயர் 'தேங்காய் எங்கடா வச்சே'ன்னு ஆளைத் திட்டினார் பாரு, அதுவும் கேட்டுச்சு."

மீரா சாகிப் வாக்களித்த இரண்டு ஆண்டுகளைக் கடந்தும் சி.ஆர்.ஓ. உழைத்தது. செய்தி பரவிக் குத்தாலம் சுற்று வட்டாரத்தில் காது கேளாதவர்கள் தம் பழைய கருவிகளைக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் டேப் ரெக்கார்டரையும் டி.வி.யையும் தூக்கி வந்தபோது, அவை தம் வேலை அல்ல என்று அனுப்பிவிட்டார். மனைவியின் மிஷினை மட்டும் மாதந்தோறும் முதல் ஞாயிறன்று, கேட்காமலேயே கழற்றி வாங்கிச் சோதிப்பார். மின்னோட்டத்தை அளப்பார், அறையில் யாரும் பேசாதபோது கோட்டைப் பார்ப்பார், நாள் இட்டு ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுவார். எழுதும்போது செருப்பு அணிந்திருப்பார்.

2002க்குப் பின் பொத்தான் பேட்டரிகள் மாயவரத்துக்கும் வந்துவிட்டன. மங்களாம்பிகை மகன் தந்த கருவியைத் திருமணங்களுக்கும் கோயிலுக்கும் அணிந்தார். வீட்டில் பழைய மிஷினே.

அந்த நோட்டை இப்போது நான் வைத்திருக்கிறேன். மங்களாம்பிகை அம்மையாரே கொடுத்தார். அதில் தொண்ணூற்றொரு வரிகள் உள்ளன. கடைசி வரி: "ஐந்து மில்லி ஆம்பியர். கோடு சுத்தம்." நாள், 2006 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை.